பித்தநாள வரைவா, பித்தநாளப் படமா? (வெள்ளிக்குள் வேண்டும்)

அன்பர்களே,

உறவினருக்குக் கல்லீரலில் ஒரு பகுதியைத் தர முன்வருபவர்களுக்கான ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'கொலாஞ்சியோகிராபி'யில் (கல்லீரலிலிருந்து பித்தநீர் வரும் நாளங்களைப் படமெடுப்பது) வந்து நின்றுவிட்டேன். 'பித்தநாள வரைவு' என்று போட்டு அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "வரைவா? இன்னும் முடிவாகலையா?" என்கிறார். கைகொடுங்கள்.

– செ.

---

செ. தம்பிக்கு,

வரைவு வேண்டவே வேண்டாம். அகப்பொருளில் வரைவு என்றால் திருமணம். தோழி தலைவனிடம் வரைவு கடாவுவதுபோல (மணந்துகொள் என்று வற்புறுத்துவதுபோல) மருத்துவர் கொடையாளரிடம் கடாவப் போகிறாரா? குறளின் 'வரைவின் மகளிர்' (விலைமகளிர்) நினைவுக்கு வந்தால் இன்னும் சங்கடம்.

நாளம் வடசொல், தாமரைத் தண்டு. பித்தமும் அங்கிருந்து வந்ததே. கிரேக்கத்தில் கோலே பித்தம், ஆங்கெயோன் கலம், கிராபெயின் எழுதுதல். பித்தம் கசக்கும், உள்துளை உள்ளது தூம்பு (யானையின் கையைப் புறநானூறு 'தூம்புடைத் தடக்கை' என்கிறதே). ஆகவே 'கைப்புநீர்த் தூம்பெழுத்து'.

– மு.

---

மு. ஐயா,

எங்கள் ஊரில் தூம்பு ஏரிக்கரையில் இருக்கிறது. அதைத் திறந்தால் வயலுக்குத் தண்ணீர் போகும்.

நான் கதிரியல் பிரிவில் இருப்பவள். கொடையாளருக்கு நோய் ஒன்றும் இல்லை. பிறகு எதற்குப் படம் என்றால், கல்லீரலின் வல, இட நாளங்கள் கூடுகிற விதம் ஆளுக்கு ஆள் மாறும். வலப்பக்கப் பின்பகுதியின் நாளம் சிலருக்கு இடநாளத்தில் போய்ச் சேரும்; சிலருக்கு மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கும். தெரியாமல் வெட்டினால் கொடையாளருக்கே பித்தநீர் கசியும், பின்னால் நாளம் சுருங்கவும் கூடும். வெட்டியெடுத்த பகுதியில் இரண்டு வாய் இருந்தால், பெறுபவருக்குப் பெரும்பாலும் இரண்டு இணைப்பு.

எம்ஆர்சிபியில் (பித்தநீர் நாளங்களுக்கான எம்ஆர்ஐ) மருந்து ஏற்றாமலே நாளத்தில் நிற்கும் நீர் வெள்ளையாகத் தெரியும். சிடியில், பித்தநீரோடு வெளியேறும் சாயத்தை நரம்பில் ஏற்றி எடுப்பார்கள். அறுவை மேசையில் நாளத்துக்குள்ளேயே சாயம் விட்டு எக்ஸ்ரே எடுப்பதும் உண்டு. மூன்றுக்கும் ஒரே பெயர் போட்டால் அவர் எதற்குக் கையெழுத்துப் போடுகிறார்?

அப்புறம், வெறும் 'பித்தம்' வேண்டாம். "எனக்குப் பித்தமெல்லாம் இல்லீங்க, தினமும் இஞ்சிச்சாறு குடிக்கிறேன்" என்பார்கள். 'பித்தநீர்' கொஞ்சம் தேவலை.

– க.

---

'நாளமில்லாச் சுரப்பி' பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. நாளம் வடசொல்லா என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. பித்தநீர்நாளப் படம் என்றால் போதும், ப் மறக்காமல் வரட்டும்.

இன்னொன்று. படிவத்தில் 'உயிருள்ள கொடையாளர்' என்று வருகிறதா? கையெழுத்துப் போட வந்தவரிடம் நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று சொல்ல வேண்டுமா?

– த.

---

த. அவர்களே, சுரப்பிக்கும் நாளம், இரத்தத்துக்கும் நாளம் என்றால் இரண்டையும் பிரிப்பது எப்படி? அதனால்தான் தூம்பு என்றேன்.

– மு.

---

படிவம் போய்விட்டது. எல்லாருக்கும் நன்றி. 'பித்தநீர்க் குழாய்ப் படம்' என்று வைத்து, எம்ஆர்ஐ, சிடி, அறுவையின்போது எக்ஸ்ரே என்று மூன்றையும் கீழே தனித்தனி வரியில் எழுதிவிட்டேன். அம்மாவுக்குப் புரிந்தது. 'உயிருள்ள'வை எடுத்துவிட்டு 'கல்லீரல் கொடுக்க முன்வந்தவர்' என்றாக்கினேன். நாளத்துக்கு மூன்று பேர் கை தூக்கியிருந்தீர்கள், மன்னிக்கவும். குழாய் என்றால் கேள்வி வரவில்லை.

– செ.

---

குழாயில் தண்ணீர் வருவதுதான் நினைவுக்கு வரும். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். தூம்பு பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.

– மு.