சாப்பிடக் கூப்பிட்டால் ‘யா பெங்கோ’ என்று சொல்லாதீர்கள்

ஸ்பானிஷ் பேசும் ஊர்களில் வாழும் தமிழர்கள் சிலர் எழுதியவை

குவாதலஹாரா, மெக்சிகோ

இங்கே வந்த இரண்டாவது மாதம் நடந்தது இது. மாடியில் நான், கீழே வீட்டுக்காரம்மா. ஞாயிற்றுக்கிழமை பொசோலே வைத்தால் எனக்கும் ஒரு கிண்ணம் உண்டு. மக்காச்சோளம் பூவாய் மலர வெந்த கறிச் சாறு அது. மேலே நறுக்கின முள்ளங்கி, பிழிந்த எலுமிச்சை.

அன்று படியடியில் நின்று கூப்பிட்டார். “யா பெங்கோ!” என்று மேலிருந்தே குரல் கொடுத்தேன். ‘இதோ வரேன்’ என்று சொன்னதாகத்தான் என் நினைப்பு. ஐந்து நிமிடம் கழித்து இறங்கினால், என் கிண்ணத்தின் மேல் தட்டைக் கவிழ்த்து மூடிவைத்திருக்கிறார். “அதற்குள் திரும்பிவிட்டாயா?” என்று வேறு கேட்டார்.

‘பெனீர்’ என்றால் வருதல்தான். ஆனால் பேசுகிறவர் நிற்கும் இடத்துக்கு வருவதற்குத்தான் அந்த வினை. கூப்பிட்டவரிடம் போவதற்கு ‘யா போய்’, அதாவது ‘இதோ போறேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். நான் கத்தியதற்கு, ‘வெளியே போயிட்டு வந்துடறேன்’ என்று பொருளாகிவிட்டது. நமக்கோ சோற்றுக்கு எழும்போதும் ‘வரேன்’, வாசல் தாண்டும்போதும் ‘வரேன்’. அந்த இரண்டு ‘வரேன்’களையும் பிரித்துப் பழக எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

எழுத்தில் ‘வி’ போட்டாலும் ஒலி பஸ்ஸில் வரும் ‘ப’தான். ஆகவே ‘போய்’ கிட்டத்தட்ட நம் ‘போய்’ மாதிரியே காதில் விழும். அதைப் பிடித்துக்கொண்டால் மறக்காது.

இன்னொன்று. கடைக்குப் போய்ச் சட்டென்று திரும்புவதானால் ‘அஓரித்தா பெங்கோ’ சரி. நண்பர் வீட்டிலிருந்து விடைபெறும்போது அதைச் சொன்னால், நமக்காகக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பார்கள். அப்போது ‘நோஸ் பேமோஸ்’, அதாவது ‘பார்க்கலாம்’ என்று சொல்லுங்கள்.

ரொசாரியோ, அர்ஜென்டினா

எனக்கு ‘கிராசியாஸ்’, அதாவது ‘நன்றி’ என்ற ஒரு சொல்லே பாடம் நடத்தியது. இங்கே மாத்தே என்ற இலைத் தேநீர் குடிப்பது வட்டமாக உட்கார்ந்துதான். ஒருவரே சுரைக்குடுவையில் வெந்நீர் ஊற்றி ஊற்றித் தருவார். வாங்கி, குழாயில் கொர்ரென்று சத்தம் வரும்வரை உறிஞ்சிவிட்டு அவரிடமே திருப்பித் தர வேண்டும். முதல்முறை நான் மரியாதையாக ‘கிராசியாஸ்’ என்று சொல்லிக் கொடுத்தேன். அப்புறம் மூன்று சுற்று போயிற்று, குடுவை என்னைத் தாண்டியே போனது. ஏதோ தவறாக நடந்துகொண்டேனோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மறுநாள்தான் பக்கத்து மேசைக்காரர் சொன்னார்: மாத்தே வட்டத்தில் நன்றி என்றால் ‘போதும்’. பந்தியில் இலையை மூடுவது மாதிரி. இன்னும் வேண்டுமானால் பேசாமல் திருப்பித் தந்தால் போதும்.

பொகோத்தா, கொலம்பியா

மாட்ரிட்டில் இரண்டு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தேன். அங்கே ‘கே பேனா’ என்றால் ‘அடப் பாவமே’. இங்கே பக்கத்து வீட்டுப் பெண்மணி கதவைத் தட்டி “கே பேனா கொன் உஸ்தெத்” என்றதும் என்ன துக்கமோ என்று பதறிவிட்டேன். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு ஸ்க்ரூடிரைவர். ‘தொந்தரவுக்கு மன்னிக்கணும், சங்கடமா இருக்கு’ என்பதுதான் இங்கே அதன் பொருள்.

குவாதலஹாரா, மெக்சிகோ

மேலே நான் சொன்ன ‘அஓரித்தா’ என்றால் எவ்வளவு நேரம் என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். ‘அஓரா’ என்றால் இப்போது. அதைச் செல்லமாகச் சுருக்கினால் ‘இப்பவே’ ஆகும் என்றுதான் நானும் எண்ணினேன். குழாய் ரிப்பேருக்குக் கூப்பிட்டவர் காலை ஒன்பது மணிக்கு ‘அஓரித்தா’ என்றார், வந்தது மறுநாள். நாம் வீட்டைவிட்டுக் கிளம்பாமலே போனில் ‘இதோ வந்துட்டேன்’ என்கிறோமே, அந்த ரகம். உண்மையிலேயே உடனே வேண்டுமென்றால் ‘லுவேகோ லுவேகோ’ என்று கேளுங்கள். ஒரு ‘லுவேகோ’ என்றால் ‘அப்புறம்’. மெக்சிகோவில் அதையே இரண்டு தரம் சொன்னால் ‘உடனே’.