நாடகம் பார்த்து எல்லாரும் சிரிச்சிட்டாங்க, இந்த வருஷம் எப்படிப் போடுறது?

செந்தூல் டீச்சர்:
போன நவராத்திரிக்கு எங்க பிளாட் மண்டபத்துல டியூஷன் பிள்ளைகளை வச்சு 15 நிமிஷ நாடகம் போட்டேன். குடிச்சிட்டு வந்து மனைவியை அடிக்கிறவன் கதை. அந்த வேஷம் போட்ட பையன் தள்ளாடி விழுந்ததும் மண்டபமே சிரிச்சது. மூணாவது வரிசையில எங்க மாடி அக்கா ஒருத்தவங்க. அந்த வெக்கையிலயும் முழுக்கைச் சட்டை. அவங்களும் சிரிச்சாங்க, பாதியில எழுந்து போயிட்டாங்க. அவங்க வீட்டுச் சத்தம் சுவர் வழியா எனக்குக் கேட்கும். சிரிச்சிட்டுப் போகாம, யாராவது ஏதாவது செய்யுற மாதிரி எப்படிப் போடுறது?

தஞ்சோங் பையன்:
நாடகம் ஒரு ராத்திரியோட முடிஞ்சிடும். லிஃப்ட் பக்கத்துச் சுவர்ல வரைங்க, தினமும் கண்ணுல படும். ஆனா 2013ல எங்க பினாங்கு ஜார்ஜ்டவுன்ல தெருப்பூனை, தெருநாய்கள் மேல ஜனங்களுக்கு அக்கறை வரணும்னு சுவர்ல பெரிய பெரிய பூனைப் படங்கள் வரைஞ்சாங்க. அது முன்னால நின்னு போட்டோ எடுக்கிறவங்கள்ல எத்தனை பேர் எதுக்குன்னு கேட்டாங்க? அதனால உதவி நம்பரையும் பெருசா எழுதிடுங்க.

பட்டர்வொர்த் குணா:
டீச்சர், பிள்ளைங்க மேல தப்பில்ல. குடிகாரன் தள்ளாடினா சிரிக்கணும்னு சினிமா நம்மளைப் பழக்கி வச்சிருக்கு. முதல்ல பாட்டிலை எடுத்திடுங்க. நிதானத்துல இருக்கிறவனும் அடிக்கிறான்.

பிரேசில்காரர் அகஸ்தோ போவால் 1970கள்ல உருவாக்கின முறை ஒண்ணு இருக்கு. கதையை மோசமான இடத்துல நிறுத்திடணும். திரும்ப முதல்லேர்ந்து போடணும். இந்தத் தடவை பார்க்கிறவங்க யார் வேணும்னாலும் "நிறுத்து"ன்னு சொல்லி, மேடையேறி, வேற மாதிரி நடந்து காட்டலாம். அடிக்கிறவனைத் திடீர்னு நல்லவனா மாத்த மட்டும் விடாதீங்க. நிஜத்துல அது நம்ம கையில இல்லையே. பின்னாடி பிரேசில்ல ரியோ நகரசபை உறுப்பினரா இருந்தப்ப, ஜனங்க இப்படிக் காட்டினதை வச்சே போவால் 13 சட்டம் கொண்டுவந்தார்.

நாங்க இங்க போட்டப்ப ஒரு பாட்டி எழுந்து வந்தாங்க. புருஷன் பக்கம் திரும்பக்கூட இல்ல. நேரா நடந்து, எங்க நாடகத்துல இல்லாத ஒரு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுற மாதிரி நின்னாங்க. கதவைத் திறக்க எங்ககிட்ட ஆளில்ல. மண்டபத்துல ஒரு சத்தமில்ல. கடைசியில கூட்டத்துலேர்ந்து ஒரு அம்மா போய்த் திறந்தாங்க.

முடிஞ்சதும் ரெண்டு விஷயம் சொல்லுங்க. ஒண்ணு, நம்ம மலேசிய அரசாங்கத்தோட உதவி நம்பர் 15999, "தாலியான் காசே" (Talian Kasih)னு பேரு, 24 மணி நேரமும் எடுப்பாங்க. ரெண்டு, 2018லேர்ந்து அவசரப் பாதுகாப்பு உத்தரவை ஜேகேஎம் (சமூக நல இலாகா) அதிகாரியே கொடுக்கலாம், 7 நாள் செல்லும், கோர்ட் ஏற வேண்டியதில்ல.

ஒண்ணு கெஞ்சிக் கேட்கிறேன். அந்த அக்கா கதைன்னு யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா அன்னைக்கு ராத்திரி அடி அவங்களுக்குத்தான்.

செந்தூல் டீச்சர்:
குணா அண்ணா, அந்தக் கதவை ஆறு வருஷமா நான் திறக்கல, தட்டவும் இல்ல. நாடகத்துல பக்கத்து வீட்டுக்காரியா நானே நிக்கிறேன். ஊரு, பேரு, வேலை எல்லாத்தையும் மாத்தி எழுதுறேன். மைக் வேணுமா?

பட்டர்வொர்த் குணா:
வேண்டாம். நாற்காலியை வட்டமா போடுங்க, பக்கத்துல இருந்தாத்தான் எழுந்து வருவாங்க.