ஆர்.எஸ்.ஐ கணக்கு சார்ட்டோட ஒத்து வரமாட்டேங்கு, அவசரம்

சாரல்_தென்காசி (காலை 8.20): அண்ணாச்சிமாரே, பங்கு விலை ஏத்த இறக்கத்தோட பலத்த 0-லருந்து 100-க்குள்ள காட்டுத ஆர்.எஸ்.ஐய பைத்தான் கோடுல போடுதேன். சார்ட்ல 61.4, எனக்கு 38 வருது. ஃபார்முலா சரியாத்தான் இருக்கு. ஒம்பதே காலுக்கு மார்க்கெட் திறக்குமுன்ன வேணும்.

பாளை_பஸ்ஸ்டாண்டு: எத்தன நாள் டேட்டா? எங்கருந்து எடுத்த? கோடைப் போடாம ‘ஃபார்முலா சரி’ன்னா நாங்க என்ன குறியா சொல்லுதோம்?

வள்ளியூர்_காத்தாடி: கம்பெனிக்காரன் போனஸ் பங்கு குடுத்திருப்பான். 1:1 போனஸ்னா, ஒரு பங்குக்கு இன்னொண்ணு சும்மா, விலை பாதியாயிரும், அட்ஜஸ்ட் பண்ணாத டேட்டால அது பெரிய சரிவுன்னு கணக்காயிரும். அடிச்சுச் சொல்லுதேன், போனஸ்தான்.

சாரல்_தென்காசி: போனஸ்லாம் இல்ல அண்ணாச்சி. மூணு மாச விலை இருக்க சி.எஸ்.வி ஃபைல், 14 நாள் கணக்கு. டிஃப் (முந்தின வரியோட வித்தியாசம்) எடுத்து, ஏத்தம் இறக்கம் பிரிச்சு, ரோலிங் மீன் (14 வரி 14 வரியா நகருத சராசரி) போட்டு, கடைசி வரிய எடுக்கேன்.

கணக்கு_வாத்தியார்: ஆர்.எஸ்.ஐயை உருவாக்கின வெல்ஸ் வைல்டர் 1978-லேயே சராசரி எப்படி எடுக்கணும்னு புத்தகத்துல எழுதிட்டார். ரோலிங் மீன் போட்டால் அது வைல்டர் முறை இல்ல, சாதாரண சராசரி எடுக்கற கட்லர் முறை. ஆர்.எஸ்.ஐ காட்டற உந்தம்னா என்னன்னு தெரியாமலே கோடு எழுத வந்துடறாங்க.

வள்ளியூர்_காத்தாடி: உந்தம்னா நிறை பெருக்கல் திசைவேகம்லா? பங்குக்கு ஏதுவே நிறை?

கணக்கு_வாத்தியார்: உவமைதான். வால்யூமை, அதாவது கைமாறின பங்கு எண்ணிக்கையை, நிறைன்னு வெச்சுக்கோங்க.

வள்ளியூர்_காத்தாடி: ஆர்.எஸ்.ஐல வால்யூமே கிடையாதே!

பாளை_பஸ்ஸ்டாண்டு: பையன் கரையேறட்டும், அப்புறம் அடிச்சுக்கிடுங்க. தம்பி, கடைசி வரியில என்ன தேதி?

சாரல்_தென்காசி: அய்யோ, மூணு மாசத்துக்கு முந்தின தேதி. நேத்துத் தேதி முதல் வரியில கிடக்கு, அதுக்கு நேரா ஒண்ணுமே இல்ல.

பாளை_பஸ்ஸ்டாண்டு: அதான் சோலி. ஃபைல் புதுசுலருந்து பழசுக்கு இறங்குது. பழைய நாள் கணக்க எடுத்திருக்க, அதுவும் தலைகீழா. தேதிவாரியா வரிசப்படுத்து. அதுக்கு முந்தி தேதி, தேதியா இல்லாம வெறும் எழுத்தா கிடக்கான்னு பாரு. அப்படிக் கிடந்தா எல்லா மாசத்து ஒண்ணாந்தேதியும் ஒரே இடத்துல போய் நிக்கும்.

சாரல்_தென்காசி: 57.9 வந்துட்டு! 61 வரலயே?

பாளை_பஸ்ஸ்டாண்டு: இப்பத்தான் வாத்தியார் சொன்ன வைல்டர். ரோலிங்குக்குப் பதிலா ஈ.டபிள்யூ.எம் (புது நாளுக்குக் கூட எடை குடுக்குத சராசரி), ஆல்ஃபா (புது நாளோட எடை) 1/14, அட்ஜஸ்ட் ஃபால்ஸ். ஆல்ஃபாக்குப் பதிலா ஸ்பான் 14னு போட்றாத, ஆல்ஃபா 2/15 ஆயிரும். ஸ்பான்தான் வேணும்னா 27. டேட்டாவும் ஒரு வருசத்துக்கு எடு. 30 நாள் கழிச்சும் ஆரம்பச் சராசரி பத்துல ஒரு பங்கு ஒட்டிக்கிட்டிருக்கும், 100 நாள் ஆனா ஆயிரத்துல ஒண்ணுகூட இருக்காது.

கணக்கு_வாத்தியார்: முதல்லயே சொன்னேன்.

பாளை_பஸ்ஸ்டாண்டு: பேரச் சொன்னீரு, வழியச் சொல்லலையேவே.

வள்ளியூர்_காத்தாடி: எதுக்கும் போனஸையும் ஒருக்கா பாத்துக்கப்பா. தம்பி? இருக்கியா?

சாரல்_தென்காசி (மாலை 4.10): கரண்ட் போய்ட்டு. 61.4 வந்துட்டு, மார்க்கெட்டுந்தான் மூடிட்டு. நன்றி அண்ணாச்சி.