மஞ்சள் பட்டனில் வெள்ளை எழுத்து: கம்பனி நிறங்களை வெப்சைட்டில் எப்படிப் பிரிப்பது?

கறுவாப்பட்டை:
வணக்கம். கொழும்பில் ஒரு மசாலா ஏற்றுமதிக் கம்பனியில் வேலை செய்கிறேன். லோகோ செய்தவர் புதிய வெப்சைட்டுக்கென்று மூன்று நிறங்களைத் தந்திருக்கிறார்: மஞ்சள் (திரையின் சிவப்பு, பச்சை, நீல ஒளி அளவுகளைச் சொல்லும் ஆர்ஜிபி எண்களில் 242, 169, 0), மெரூன் (122, 31, 43), கறிவேப்பிலைப் பச்சை. எது எங்கே வரவேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. முதலாளிக்கு மஞ்சள்தான் உயிர், அதனால் ஓடர் பட்டன் மஞ்சள், அதற்குள் வெள்ளை எழுத்து. ஒபிஸ் கணினியில் பரவாயில்லை, ஆனால் காலிமுகத்திடல் வெயிலில் போனை எடுத்துப் பார்த்தால் பட்டனில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியவில்லை. தமிழ், சிங்களப் பக்கங்களில் இன்னும் மோசம். மஞ்சளை விடாமல் சரிசெய்ய முடியுமா?

கோட்டுக்காரன்:
மஞ்சள் இருக்கட்டும் அக்கா, வெள்ளை எழுத்தை எடுங்கள். நீங்கள் தந்த எண்களைப் போட்டுப் பார்த்தேன், அந்த மஞ்சளில் வெள்ளைக்கு கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு, 2:1தான் வருகிறது. எல்லோரும் வாசிக்கக்கூடிய வெப்சைட்டுக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டியின் இரட்டை ஏ தரத்துக்கு சாதாரண எழுத்தென்றால் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்தென்றால் 3:1 வேண்டும். அதே மஞ்சளில் உங்கள் மெரூனை எழுத்தாக வைத்தால் ஏறத்தாழ 5:1, மெரூன் பின்னணியில் வெள்ளை 10:1. ஆகவே தேவையான ஜோடிகள் உங்கள் கையிலேயே இருக்கின்றன. தமிழுக்கும் சிங்களத்துக்கும் எழுத்தைக் கொஞ்சம் தடிப்பாக, ஒரு அளவு பெரிதாக வையுங்கள், "ணை", "ஞ" எல்லாம் சின்ன அளவில் சுழி அடைத்துக்கொள்ளும்.

வெள்ளவத்தை அண்ணன்:
தம்பி சொன்னது சரி, ஆனால் தங்கச்சி, பட்டனோடு இது முடியாது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வேலை கொடுத்து எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் யாராவது தலைப்பையும் மஞ்சளாக்குவார்கள். பக்கத்தின் பெரும்பகுதி வெள்ளையும் சாம்பலுமாக இருக்கட்டும், தலைப்புக்கும் லிங்குக்கும் மெரூன், மஞ்சள் ஓடர் பட்டனுக்கு மட்டும். எல்லா இடத்திலும் மஞ்சள் இருந்தால் பட்டன் கண்ணில் படாது, முதலாளிக்கு இதைச் சொன்னால் விளங்கும்.

இன்னொன்று, படிவத்தில் பிழை காட்டும் சிவப்பு மெரூனுக்குக் கிட்ட வரக்கூடாது, தலைப்பே பிழைபோலத் தெரியும். பிழைக்குச் சிவப்பு, சரிக்குப் பச்சை என்று நிறத்தை மட்டும் நம்பவும் வேண்டாம், பக்கத்தில் ஒரு சொல்லும் போடுங்கள். நீங்கள் ஐரோப்பாவுக்கும் அனுப்புகிறீர்கள் என்றால் அங்கே ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு சிவப்பு, பச்சை பிரித்தறிவது சிரமம். பச்சையை முகப்பு முழுக்கப் பரப்புவதும் எனக்குப் பிடிக்கவில்லை, நம் நாட்டில் பச்சையும் நீலமும் கட்சி நிறமாகவும் கண்ணில் படும்.

கறுவாப்பட்டை:
இரண்டு பேருக்கும் நன்றி. மெரூன் எழுத்துப் போட்டுப் பார்த்தேன், வெயிலிலும் வாசிக்க முடிகிறது! இதே எண்களைப் பெட்டி அச்சடிப்பவருக்கும் கொடுக்கலாமா?

அச்சுக்கூடம்:
கொடுக்காதீர்கள். ஆர்ஜிபி திரையின் ஒளிக்கு, அச்சில் மை. அந்த மஞ்சளை அப்படியே சிஎம்வைகேக்கு, அதாவது அச்சின் நான்கு மைகளுக்கு, மாற்றினால் பெரும்பாலும் மங்கலாகத்தான் வரும், பழுப்பு அட்டையில் இன்னும் இருண்டுவிடும். லோகோ செய்தவரிடம் பான்டோன் இலக்கம் (அச்சகங்கள் மை நிறத்தைக் குறிக்கும் எண்) கேட்டு வாங்குங்கள், பிறகு பெட்டிக்கு எடுக்கப்போகும் அதே அட்டையில் மாதிரி அடித்துத் தரச் சொல்லிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முதலாளியையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் கையெழுத்து வைத்த மாதிரியை அச்சகத்திலேயே விட்டு வந்தால் அடுத்த தடவை அடிக்கும்போதும் அதை வைத்தே ஒப்பிடுவார்கள்.