வேலந்தாவளம் அங்கன்வாடியா, சாவடிப் பால்வாடியா?

வேலந்தாவளத்து அம்மா:
மகளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. எங்கள் வீடு கேரள எல்லைக்குள்; தாய்வீடு தமிழ்நாட்டுப் பக்கம், க.க.சாவடியில். இரண்டு இடத்திலும் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. எந்தப் பக்கம் சேர்ப்பது?

கிணத்துக்கடவான்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தமிழ்நாடுதான். இரண்டு வயதானாலே வாரம் மூன்று முட்டை. 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் தொடங்கினார்கள். தனியாருக்குக் கொட்டி அழ வேண்டியதில்லை.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அந்த எல்.கே.ஜி. கதையை முழுதாகச் சொல்லுங்கள் அண்ணா. 2022இல் நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் தொடரும் என்றார்கள். முட்டையிலும் கேரளத்தில் நாங்கள் குறைந்துபோகவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் வாரம் இரண்டு நாள் பால், இரண்டு நாள் முட்டை வந்தது. 2025இல் உப்புமா வேண்டாம், பிரியாணி வேண்டும் என்று ஒரு வாண்டு கேட்ட காணொளி பரவ, ஜூனில் உணவுப் பட்டியலையே மாற்றினார்கள். முட்டை பிரியாணி சேர்ந்தது, பாலும் முட்டையும் மூன்று நாளாயின.

கிணத்துக்கடவான்:
பட்டியலில் இருப்பதெல்லாம் தட்டுக்கு வந்துவிடுமா தம்பி? பாட்டும் கதையும் மலையாளத்தில் ஓடினால், வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை மூலையில் உட்கார்ந்திருக்கும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
இங்கே வந்து பார்த்திருக்கிறீர்களா? தெருவுக்குத் தெரு தமிழ்தான். பிள்ளைகள் இரண்டு மொழியிலும் சண்டை போடுகிறார்கள். எங்கள் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவில் தமிழ் வழிப் பள்ளிகளும் உண்டு.

ஓய்வுபெற்ற பணியாளர்:
முட்டைப் பேச்சை இருவரும் விட மாட்டீர்கள் போலிருக்கிறது. கோவை மாவட்டத்தில் மையம் நடத்தியவள் நான். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பென்சில் கொடுக்க மாட்டேன். தரையில் சாக்பீஸால் பெரிதாக ‘அ’ போட்டு, அதன்மேல் புளியங்கொட்டை அடுக்கச் சொல்வேன். விரலும் பழகும், எழுத்தும் பழகும். ஆனால் ஒன்று இரண்டு மூக்குக்குள் போகும்; கண்ணை எடுக்க முடியாது. நான் சத்துமாவுக் கணக்கு எழுதும்போது பிள்ளைகளைப் பார்க்க ஆயா வேண்டும். ஆயா பணியிடம் காலியாக இருந்தால் சமையலும் டீச்சர் தலையில்தான். அம்மிணி, காலை பதினொரு மணிக்குச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். டீச்சர் பிள்ளைகளோடு இருக்கிறாரா, அடுப்படியிலா? கழிப்பறை திறந்திருக்கிறதா, சாமான் அடுக்கிப் பூட்டியிருக்கிறதா? எந்த மாநிலம் என்பதையெல்லாம் பிறகு பார்க்கலாம்.

கிணத்துக்கடவான்:
புளியங்கொட்டை அடுக்கிய பிள்ளை, ஒன்றாம் வகுப்பில் எல்.கே.ஜி. படித்த பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விழிக்குமே அம்மா?

ஓய்வுபெற்ற பணியாளர்:
ஒரு மாதம் விழிக்கும். அதற்காக மூன்று வயதிலேயே விரலை ஒடிக்கச் சொல்கிறீர்களா?

வேலந்தாவளத்து அம்மா:
ஒன்றாம் வகுப்பு இந்தப் பக்கம்தான், தமிழ் வழியில். அதனால் முதலில் எங்கள் தெரு மையத்தைப் பார்க்கிறேன். இங்கே சேர்த்துவிட்டுப் பிறகு அம்மா வீட்டுப் பக்கம் மாற்ற முடியுமா?

ஓய்வுபெற்ற பணியாளர்:
அங்கன்வாடிப் பிள்ளைகளைப் பதியும் போஷன் டிராக்கர் செயலியில் மாற்றிக் கொடுப்பார்கள். ஒரே நேரத்தில் இரண்டு மையத்தில் மட்டும் பதியாதீர்கள். ஆதாரையும் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள்.