நிலவின் ‘கிறேற்றர்’: குழிசியா, கிடங்கா, கிண்ணக்குழியா?

கோப்பாயிலிருந்து, செவ்வாய் இரவு

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை அட்டமி. வீட்டு முற்றத்தில் 114 மில்லிமீற்றர் தெறிப்புத் தொலைகாட்டியை வைத்து, பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நிலவைக் காட்டப் போகிறேன். பௌர்ணமியில் ஏன் காட்டவில்லை என்று பெற்றோர் கேட்கிறார்கள். முழுநிலவில் வெயில் நேரே விழும், நிழல் இராது, எல்லாம் வெள்ளைத் தட்டாகத்தான் தெரியும். அரைநிலவில் ஒளியும் இருளும் சேரும் கோட்டருகே நிழல் நீண்டு விழுவதால் பள்ளமும் மேடும் துலங்கும்.

அவர்களுக்குக் கொடுக்கும் துண்டுத்தாள் வியாழன் காலை அச்சுக்குப் போகவேண்டும். ‘கிறேற்றர்’ (crater, நிலவில் தெரியும் வட்டப் பள்ளம்) என்பதற்குத் தமிழ்ச்சொல் வரவேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. என்னிடமுள்ள பழைய சொற்பட்டியலில் ‘எரிமலைவாய்’ என்றிருக்கிறது. நிலவில் உள்ளவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்கற்கள் மோதி உண்டானவை, அதனால் அது பொருந்தாது. யாழ்ப்பாணத்தில் பள்ளத்துக்கு எங்கள் வாயில் வருவது ‘கிடங்கு’. அதையே போடலாமா?

வட்டுக்கோட்டையிலிருந்து, செவ்வாய் நள்ளிரவு

தங்கச்சி, எரிமலைவாயை விட்டது சரி. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அறிஞர் பலரே அவற்றை எரிமலையின் வேலை என்று நம்பியிருந்தார்கள்.

ஆனால் மூலச்சொல்லைப் பாருங்கள். கிரேக்கத்தில் அது மதுவையும் தண்ணீரையும் கலக்கும் வாயகன்ற பாண்டம். நம்மிடம் ‘குழிசி’ இருக்கிறது! சங்கப் பாட்டில் அது பானை. குழி, குழிசி, குழல், குழை எல்லாவற்றிலும் உள்ளே குடைந்த தன்மை ஓடுகிறது. பள்ளத்துக்கும் பாண்டத்துக்கும் ஒரே வேர் நமக்கு வாய்த்திருக்கும்போது வேறு சொல்லை ஏன் தேடவேண்டும்? மானிப்பாயில் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த மண் இது. சொல் புதிது என்று அன்று யாரும் பின்வாங்கவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து, புதன் காலை

ஐயா, குழிசி என்று சொன்னால் என் மாணவர் ஒருவருக்கும் புரியாது. அகராதியைப் புரட்ட வைக்கும் சொல் வகுப்பில் நிற்காது. கிடங்கு என்றால் இங்கே மூட்டை அடுக்கும் இடம். ‘கிண்ணக்குழி’ என்று போடுங்கள், இரு கரையிலும் விளங்கும்.

வட்டுக்கோட்டையிலிருந்து, புதன் மதியம்

கிடங்குக்காகவும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மதுரைக்காஞ்சியில் ‘மணிநீர்க் கிடங்கு’ என்று வருவது அகழி. ஆகவே பள்ளம் என்ற பொருள் பழையது, யாழ்ப்பாணம் அதைக் காத்து வைத்திருக்கிறது. கிட, கிடை, கிடக்கை என்று போனால் தாழ்ந்து கிடப்பது என்ற கருத்தும் வரும். ஆனாலும் அகழி மதிலைச் சுற்றி நீண்டு ஓடுவது. குழிசிதான் வட்டம்.

கோப்பாயிலிருந்து, புதன் இரவு

இன்று மாலை ஒத்திகை பார்த்தேன். ஒளிக்கோட்டில் தியோபிலசு என்ற பெரிய பள்ளம் இருந்தது. அடி முழுதும் இருள், நடுவிலுள்ள மலைமுடிகளில் மட்டும் வெயில். அகலம் ஏறத்தாழ 100 கிலோமீற்றர், ஆழம் சில கிலோமீற்றர்தான். இது தாம்பாளம் போன்றது. கிண்ணம் என்பது சிறியவற்றுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. (அந்த ஒளிக்கோடு நிலவின் நடுக்கோட்டில் மணிக்கு ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நகர்கிறது. சைக்கிள் மிதிக்கும் வேகம்! பிள்ளைகளுக்கு இதையும் சொல்லவேண்டும்.)

அம்மாவையும் பார்க்கச் சொன்னேன். கண்ணை எடுக்காமலே, “செல் விழுந்த கிடங்கு மாதிரி எல்லோ இருக்கு” என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. நாங்கள் எறிகணை விழுந்த அந்தக் கிடங்குகளைச் சுற்றி நடந்து பள்ளிக்கூடம் போனவர்கள். விழுந்தது சிறிது, தோண்டியது பெரிது, மண் வெளியே சிதறி விளிம்பில் மேடாகக் குவிந்திருக்கும். நிலவில் நடந்ததும் ஏறத்தாழ அதுதான். அம்மாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அதனால்தான் கிடங்கை விட எனக்கு மனமில்லை.

ஆனால் ஒரு பிள்ளை, “நிலாவரையும் கிடங்குதானே, அதுவும் இப்படி வந்ததா?” என்று கேட்டாள். இல்லை. நிலாவரை யாழ்ப்பாணத்திலுள்ள ஆழமான இயற்கைக் கிணறு. அங்கே சுண்ணாம்புக்கல் நீரில் கரைந்து, மேற்கூரை இடிந்து உள்ளே விழுந்தது. இங்கே வெளியிலிருந்து வந்து மோதியது. இந்த வேறுபாட்டைக் கிடங்கு சொல்லாது, குழிசியும் கிண்ணக்குழியும் சொல்லா. எனவே தாளில் ‘மோதல்குழி’ என்று போடுகிறேன். முற்றத்தில் நின்று பேசும்போது கிடங்கு என்றே சொல்வேன்.

கோயம்புத்தூரிலிருந்து, புதன் இரவு

சரி. குழி என்று முடிந்தால் எனக்குப் போதும். இதுவரை எழுதிய மூவரில் இருவர் அதற்கு உடன்பட்டுவிட்டோம், அச்சுக்கு அனுப்பிவிடுங்கள்.

வட்டுக்கோட்டையிலிருந்து, வியாழன் விடியற்காலை

நான் உடன்படவில்லை, குழிசி என்றே எழுதி வருவேன். ஆனாலும் தங்கச்சி, அச்சகத்துக்கு உடனே சொல்லுங்கள்: மோதல்குழி அல்ல, மோதற்குழி. லகரம் றகரமாகத் திரியவேண்டும்.