"லாஜிக்படி பார்த்தா…" என்று ஆரம்பிப்பவரிடம் மாட்டிய அனுபவம் உண்டா?

வட்டம் போடும் வாத்தியார்:
வங்கித் தேர்வுக்கு ரீசனிங் எடுப்பது என் பிழைப்பு. "எல்லாப் பேனாக்களும் மேசைகள், சில மேசைகள் மாம்பழங்கள்" என்று நாள் முழுக்கப் பலகையில் வட்டம் போடுவேன். பேனா எப்படி சார் மேசையாகும் என்று முதல் நாள் ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்காதே, கொடுத்ததை உண்மை என்று வைத்துக்கொள் என்பேன். அந்தப் பாவம்தான் என்னைத் துரத்துகிறது போல.

மாலை பேட்ச் முடிந்து வீடு திரும்பப் பத்தரை ஆகிவிடும். ஒரு நாள் வீட்டு ஓனர் படிக்கட்டிலேயே நிறுத்தினார். "லாஜிக்படி பார்ப்போம் தம்பி. பேச்சிலர் பசங்க எல்லாம் ராத்திரி லேட்டா வருவாங்க. நீங்களும் லேட்டா வர்றீங்க. அப்ப நீங்க யாரு?" இதைக் கேட்டுக்கொண்டு என் மனைவி பால் பாக்கெட்டோடு பக்கத்திலேயே நிற்கிறாள். அவள் நிற்பது அவர் வாதத்துக்கு ஓர் இடைஞ்சலாகவே படவில்லை.

விடுவேனா? மளிகைச் சீட்டின் பின்பக்கம் பெரிய வட்டம் ஒன்று போட்டேன்: லேட்டாக வருபவர்கள். உள்ளே ஒரு பக்கம் பேச்சிலர்கள், இன்னொரு பக்கம் நான். "சின்ன வட்டம் ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடவே வேண்டாம் சார்" என்றேன். அவர் என்ன செய்தார் என்பதை அப்புறம் சொல்கிறேன். உங்கள் கதைகள் வரட்டும்.

கீபோர்டு தட்டாதவன்:
உங்கள் ஓனராவது சூத்திரத்தில் கோட்டை விட்டார். எங்கள் மேனேஜர் சூத்திரத்தில் நூற்றுக்கு நூறு. வேலை செய்கிறவர்கள் எல்லாரும் கீபோர்டைத் தட்டுவார்கள். போன செவ்வாய்க்கிழமை மூன்று மணி நேரம் நீங்கள் தட்டவில்லை. ஆகவே வேலை செய்யவில்லை. அரிஸ்டாட்டிலையே கூட்டி வந்து காட்டினாலும் வடிவம் சரி என்றுதான் சொல்வார். அந்த மூன்று மணி நேரமும் மேனேஜர் கூட்டிய மீட்டிங்கில் அவர் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னதும், "அப்ப நீங்களே ஒத்துக்கறீங்களே" என்றார்.

மண்டபத்து மருமகள்:
என் கணவரின் பெரியப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். மணிமேகலையின் 29ஆம் காதை அவருக்குத் தலைகீழ்ப் பாடம். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கம் சொல்லிக்கொடுக்கும் இடம் அது. இந்த மலையில் நெருப்பு உண்டு, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களை போல, இந்த மலையிலும் புகை இருக்கிறது, ஆகவே நெருப்பு உண்டு. பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று ஐந்து படி. வீட்டில் ரசம் பொங்கி வழிந்தாலும் ஐந்து படியும் ஏறி இறங்கிவிட்டுத்தான் அடுப்பை அணைப்பார்.

கொழுந்தனார் வரவேற்பில் பொண்ணு மாப்பிள்ளை மேடைக்கு வரும்போது டிரை ஐஸ் வைத்து வெள்ளை வெள்ளையாகப் புகை விட்டார்கள். முதல் வரிசையில் பெரிய மாமா. "புகை!" என்று எழுந்தவர் அன்றைக்குத் திட்டாந்தம்கூடச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த தண்ணீர் ஜக்கைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறிவிட்டார். மாப்பிள்ளையின் கோட்டு நனைந்தது பரவாயில்லை, பொண்ணுக்கு மூன்று மணி நேரம் போட்ட மேக்கப்!

அப்புறம் நான் அந்தக் காதையை உட்கார்ந்து படித்தேன். ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே அதைப் புகை என்று எடுத்துக்கொண்டு, நெருப்பு உண்டு எனத் துணிவதை அங்கேயே ஏதுப் போலிகளில், அதாவது காரணம் போலத் தோன்றும் பொய்க் காரணங்களில், ஒன்றாகச் சொல்லியிருக்கிறது. அதைவிட வேடிக்கை, நெருப்பில்லாத இடத்தில் புகையும் இராது என்பதற்கு அங்கே காட்டும் பொருள் தண்ணீர். டிரை ஐஸோ சுழியத்துக்குக் கீழே 78 டிகிரிக் குளிர். அதைச் சுற்றி எழும்பியது குளிர்ந்துபோன நீர்த்துளிகள். ஆக, அன்று மேடையில் "புகைந்தது" தண்ணீரேதான். மாமாவிடம் காட்டினேன். "பாடம் சரிம்மா, மண்டபக்காரன்தான் போலி" என்றார்.

எட்டாம் வகுப்பின் அப்பா:
என் கதையில் குற்றவாளி நானே. "படிக்காவிட்டால் போன் கிடையாது" என்று பையனிடம் சொல்லியிருந்தேன். அறிவியலில் ஒரு பாடம் முழுக்க ஒப்பித்துவிட்டுக் கையை நீட்டினான். "படிக்காட்டி கிடையாதுன்னுதான் சொன்னேன். படிச்சா உண்டுன்னு எப்பச் சொன்னேன்?" என்றேன். இன்ஜினியரிங்கில் படித்தது முதல் தடவையாக உபயோகப்பட்ட சந்தோஷம் எனக்கு. ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. "சாப்பிடலேன்னா வளர மாட்டேன்னுதானே சொன்னீங்க. சாப்பிட்டா வளருவேன்னு சொன்னீங்களா?" மனைவி ஒன்றும் பேசாமல் என் போனை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

கீபோர்டு தட்டாதவன்:
@அப்பா, இதைத்தான் ஊரில் விதண்டாவாதம் என்பார்கள். நியாய சாஸ்திரத்தில் விதண்டை என்றால், தனக்கென்று ஒரு கட்சி இல்லாமல் எதிராளி சொன்னதை உடைப்பது மட்டும். உங்கள் பையனுக்காவது ஒரு கட்சி இருந்தது, போன்.

வட்டம் போடும் வாத்தியார்:
ஓனர் கதையைக் கேட்டவர்களுக்கு. சீட்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என் பேனாவையே கேட்டு வாங்கி, பெரிய வட்டத்துக்கு வெளியே ஒரு சின்ன வட்டம் போட்டார். "இது என் வீடு. இதுவும் எதையும் தொட வேண்டியதில்ல தம்பி."

படத்தில் ஒரு தப்பும் இல்லை. ஒரு மாச வாடகையைப் பெயிண்டுக்குப் பிடித்துக்கொண்டு மீதி அட்வான்ஸைக் கொடுத்தார்.